நான் கொடுக்காத அரைப் புள்ளி

வார்டு சுற்றை முடித்த கையோடு, கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்து இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே. என்னைத் தொலைபேசியில் அன்போடு அழைத்து, முன்வரிசையில் வீற்றிருக்கும் நிர்வாகக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே. ஊசியும் போட்டு ஏச்சும் வாங்கி உயிர் காக்கும் செவிலியச் சகோதரிகளே. தள்ளுவண்டி தள்ளித் தள்ளியே ஒரு தோள் இறங்கிப்போன அண்ணன்மார்களே. கை ஈரம் காயும் முன்னே சமையல்கூடத்திலிருந்து ஓடி வந்திருக்கும் தாய்மார்களே. அறுவை அரங்கின் ரத்தத்தையும் பிரசவ அறையின் ஈரத்தையும் ஊருக்குத் தெரியாமல் வெளுத்து, உலர்த்தி, மடித்து மேலே அனுப்பும் சலவைக்கூடத்து அக்காமார்களே. இவர்கள் எல்லோருக்கும் நடுநாயகமாக, மேடைக் கோடியில், கைகளை மடியில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கும் மடிப்பக்கா அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கடைசி வரிசையில் யாரோ கை காட்டுகிறார்கள். மைக்கைக் கிட்ட வைக்க வேண்டுமா? வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறதா? நல்லது. இன்று நான் சொல்லப்போவது உங்கள் வரிசைக்குத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு வாழ்த்துரை என்று பெயர் போட்டிருக்கிறார்கள். மன்னியுங்கள், வாழ்த்துகிற உயரத்தில் நான் இல்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறேன். அதோடு, ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன். என் வாயிலிருந்து கிளம்பிய பொய் அது. போகிற வழியில் ஒன்பது பேருடைய நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது.

எந்த நாற்காலி? சொல்கிறேன். இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் பழைய கட்டில்கள் கிடக்கிற கிடங்குக்கும் நடுவில், சலவைக்கூடம் இருக்கிறது. போன வாரம்தான் முதல் தடவையாக இறங்கிப் பார்த்தேன். நான்கு பெரிய இயந்திரங்கள். விரிப்பை உள்ளே விட்டால் சுருக்கமில்லாமல் வெளியே தள்ளுகிற ஒரு நீராவி உருளை. காலடியில் எப்போதும் ஈரம். நடுவில், ஒரு ஆள் படுத்துப் புரளுகிற அகலத்துக்கு நீண்ட மடிப்பு மேசை. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் விரிப்புகள் அந்த மேசையைத் தாண்டித்தான் மேலே வருகின்றன. நீங்கள் காய்ச்சலில் புரண்ட விரிப்பு, உங்கள் குழந்தை முதன்முதலாகப் படுத்த விரிப்பு, உங்கள் அப்பா கடைசியாகப் படுத்த விரிப்பு, எல்லாம்.

அந்தக் கூடத்தில் எத்தனை நாற்காலி இருக்கிறது? நான் சொல்ல மாட்டேன். அக்காமார்களே, நீங்களே சொல்லுங்கள். இன்னும் சத்தமாக. ஆமாம், ஒன்றுகூட இல்லை. ஒரு ஷிப்டுக்கு ஒன்பது பேர். எட்டு மணி நேரம். ஒரு முக்காலி இல்லை, ஒரு பலகை இல்லை. சுவரில் சாயக்கூடாது என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அறிவிப்புக்குச் சட்டம் போட ஆள் வந்திருக்கிறார். நாற்காலி போடத்தான் யாரும் வரவில்லை.

இன்று இந்த அரங்கத்தில் முந்நூறு நாற்காலி. இரண்டு மணி நேர விழாவுக்காக லாரியில் வந்து இறங்கியிருக்கிறது. கை தட்டுவதற்கு உட்கார வேண்டும். வேலை செய்வதற்கு உட்கார வேண்டாம். இது என்ன நியாயம்? யார் வகுத்த நியாயம்?

கை தட்டாதீர்கள். இன்னும் நான் என் தப்புக்கு வரவில்லை.

மூன்று வருடமாக அவர்கள் கேட்டிருக்கிறார்கள். முதல் வருடம் இடமில்லை என்று பதில் வந்தது. இரண்டாம் வருடம், உட்கார்ந்தால் வேலை ஓடாது என்று வந்தது. மூன்றாம் வருடம் பார்க்கலாம் என்று வந்தது. அந்தப் பார்க்கலாமுக்குப் பிறகு, நிறுவனங்களுக்கிடையேயான சதுரங்கப் போட்டிக்கு ஒரு ஆளை அனுப்பச் சொல்லி இந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் வந்தது. அலுவலகப் பக்கத்திலிருந்து ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. கடைசி நாளில் அடித்தளத்திலிருந்து ஒரு பெயர் வந்தது, அந்த மேசையில் விரிப்பு மடிக்கிற நம் மடிப்பக்காவின் பெயர்.

கண்காணிப்பாளர் ஐயா சிரித்திருக்கிறார். சிரிப்பது குற்றமில்லை. சிரித்துவிட்டு, "அங்க போய் ஒரே ஒரு ஆட்டம் தோக்காம வாம்மா, உங்க கூடத்துக்கு நாற்காலி போட்டுடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கி வெளியே வந்திருப்பார்கள். மடிப்பக்கா அந்த விண்ணப்பத் தாளைத் திருப்பி, பேனாவை நீட்டியிருக்கிறார்.

"அதையே இதுல எழுதிடுங்க சார். நான் மறந்துருவேன்."

ஐயா எழுதினார். ஓர் ஆட்டமாவது தோற்காமல் வந்தால் சலவைக்கூடத்துக்கு ஒன்பது நாற்காலிகள். கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். எழுத்து அழகாகவே இருக்கிறது.

சலவைக்கூடத்தில் இருப்பவர்கள் எங்கே சதுரங்கம் கற்றார்கள் என்று சிலர் என்னைக் கேட்டார்கள். நான் கேட்கிறேன், என்னிடம் ஏன் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை? சட்டை மடிப்புக் கலையாதவன் ஆடினால் அது திறமை. ஈரக் கைக்காரி ஆடினால் மட்டும் அது ஆச்சரியமா? அவர்கள் எல்லோரையும்போலப் பார்த்துக் கற்றார்கள், ஆடிக் கற்றார்கள். துணியில் வார்டு எண் குறிக்கிற அழியாத மை இருக்கிறதே, அதைக் கொண்டு மடிப்பு மேசையின் மூலையில் அறுபத்து நான்கு கட்டம் போட்டிருக்கிறார்கள். தொலைந்துபோன ஒரு குதிரைக்குப் பதிலாகச் சீருடைப் பொத்தான். இயந்திரம் ஒரு சுற்று ஓடி மணி அடிப்பதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். எல்லோரும் நின்றுகொண்டுதான் ஆட வேண்டும். வேறு வழி?

இப்போது என்னைப் பற்றி. நான் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். சதுரங்கம் ஆடுகிறவன் என்பதற்காகவே வேலைக்கு எடுத்தார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலையில் எழுந்திருப்பேன். சுழலுகிற நாற்காலி, கீழே சக்கரம், கைக்கு மெத்தை. என் தரப்புள்ளி, அதாவது ஆட்ட பலத்துக்குப் போடுகிற மதிப்பெண், இரண்டாயிரத்து இருநூறு. மடிப்பக்காவின் தரப்புள்ளி எவ்வளவு? எவ்வளவும் இல்லை. தரவரிசைப் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. கால்பந்தில் சொன்னால், பயிற்சி பெற்ற ஒரு அணி ஒரு பக்கம்; மறுபக்கம், வேலை முடிந்து செருப்போடு வந்து நின்ற ஒரே ஒரு ஆள்.

எட்டு நிறுவனங்கள், எட்டு பேர், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஆட வேண்டும். முதலிடம் பெறுகிற ஒருவருக்கு மட்டும் தேசியப் போட்டிக்கு அனுமதி. ஆறு சுற்று முடிந்தபோது நான் ஐந்தரைப் புள்ளி. ஒரு வங்கி அதிகாரியும் ஐந்தரை. மடிப்பக்கா பூஜ்யம். ஆறு ஆட்டமும் தோல்வி.

முதல் நாளே அமைப்பாளர்களில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, இங்க எல்லாரும் உக்காந்துதான் ஆடுவாங்க" என்றிருக்கிறார். மரியாதைக்கு உட்கார்ந்தார் அக்கா. ஆறு ஆட்டம் மரியாதைக்கே தோற்றார்.

ஏழாவது சுற்று. நான் வெள்ளை, அவர் கறுப்பு. எனக்கு வேண்டியது முழுப் புள்ளி. அவருக்கு வேண்டியது அரைப் புள்ளி. அவருக்கு எதற்காக வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. பதினைந்து நகர்த்தலுக்குள் அவருடைய மந்திரி ஒன்றைச் சும்மா வாங்கிவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கேன்டீன் மூடுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஷிப்ட் மாறி, சலவைக்கூடத்திலிருந்து நான்கைந்து பேர் பார்க்க வந்தார்கள். அதில் ஒரு தங்கை நிறைமாதம். அதோ, குழந்தையோடு மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அன்று அந்தக் குழந்தை வயிற்றுக்குள் இருந்தது. பார்வையாளர் பக்கம் ஒரு நாற்காலியும் காலியில்லை. எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். மடிப்பக்கா நிமிர்ந்து பார்த்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தங்கைக்குப் போட்டார். திரும்பி வந்து மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, நின்றார்.

நின்றார் அம்மா, நின்றார். அதற்குப் பிறகு அவருடைய ஒரு காய்கூடச் சும்மா போகவில்லை. உட்கார்ந்து பார்த்தபோது பிடிபடாத பலகை, மேலே நின்று பார்த்தபோது அவருக்கு மடிப்பு மேசையாகத் தெரிந்திருக்க வேண்டும். என் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்றார். எனக்கு வியர்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். அவர் நின்றுகொண்டு ஆடுவது எனக்குத் தொந்தரவாக இருக்கிறது, நிழல் விழுகிறது என்று புகார் சொன்னேன்.

சிரியுங்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

நடுவர் நல்ல மனிதர். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எதிராளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருக்கிறது, உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்றார். அக்காவை விளக்குக்கு இந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். வேறு நாற்காலி கொண்டுவரட்டுமா என்றும் கேட்டார். அக்கா, "வேணாங்க, எனக்கு நின்னாத்தான் ஓடும்" என்றார்.

நாற்பத்தோராவது நகர்த்தலில் என் கடைசிச் சிப்பாயையும் வெட்டினார். இப்போது பலகையில் மிச்சம் என்ன? ராஜாக்கள் இருவரையும் விட்டுவிட்டால், என்னிடம் ஒரு யானையும் ஒரு மந்திரியும். அவரிடம் ஒரே ஒரு யானை. சதுரங்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைச் சுவரோரமாகத் துரத்துகிற ஆட்டம் இது. துரத்துகிறவன் தப்புச் செய்தால் ஒன்றும் ஆகாது, மறுபடியும் துரத்தலாம். தப்பிக்கிறவர் ஒரு தடவை தப்புச் செய்தால் போதும், கதை முடிந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. அன்று இல்லை.

தப்பிக்கிறவருக்கு இந்த விளையாட்டு ஒரே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் நகராமல், ஆளுக்கு ஐம்பது நகர்த்தல் முடிந்துவிட்டால், அவர் கை தூக்கிச் சமன் கேட்கலாம். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். முக்கியமாக, எண்ண வேண்டும்.

நான் எண்ணவில்லை. ஐம்பதுக்குள் முடித்துவிடுவேன் என்ற திமிர். பட்டியலில் பெயரே இல்லாத ஒருவருக்கு இந்த விதி எங்கே தெரியப்போகிறது என்ற திமிர். ஆனால் போட்டி விதிகள் என்று முதல் நாள் எல்லோருக்கும் கொடுத்த தாளை, எட்டுப் பேரில் அவர் ஒருவர்தான் முழுக்கப் படித்திருக்கிறார். பேருந்தில் படித்தாராம். ஒப்பந்தத் தொழிலாளி எந்தத் தாளையும் படிக்காமல் விடமாட்டார், அம்மா. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று அவர் பார்த்திருக்கிறார்.

எண்ணுவதற்கோ அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சலவைக்கூடத்தில் ஐம்பது விரிப்பு ஒரு கட்டு. ஒவ்வொரு பத்தாவது விரிப்பையும் குறுக்காகத் திருப்பி வைப்பார்கள். அப்போதுதான் அசந்தாலும் எண்ணிக்கை தவறாது. அவருடைய ஆட்டத்தாளில், நகர்த்தல்களை வரிசையாக எழுதுகிற அந்தத் தாளில், பத்து வரிக்கு ஒரு தடவை ஒரு குறுக்குக் கோடு விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாவம், பதற்றத்தில் கிறுக்குகிறார் என்று நினைத்தேன்.

நான் துரத்தினேன். அவர் விலகினார். நான் வளைத்தேன். அவர் யானையைக் குறுக்கே போட்டார். நான் பொறி வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு, மெல்லச் சுற்றிப் போனார். மூன்று மணி நேரம் தாண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் மேசைக்கடியில் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்திருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

பிறகு திடீரென்று காயைத் தொடாமல், அடுத்த நகர்த்தலைத் தாளில் மட்டும் எழுதிவிட்டு, கையை உயர்த்தினார். நடுவர் வந்தார்.

"ஐயா, கட்டு முடிஞ்சுருச்சு."

நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பார்க்க வந்த சலவைக்கூடத்தார் மட்டும் சத்தமில்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐம்பது ஆச்சுங்க, இதோட சமன் கேக்குறேன்" என்று திருத்திச் சொன்னார்.

நாற்பத்தாறுதான் ஆகியிருக்கும் என்று நான் வாதாடினேன். ஆட்டத்தின் நடுவில் குறிப்பெடுப்பது விதிமீறல், அவர் குறுக்குக் கோடு போட்டுக் குறிப்பெடுத்தார் என்றும் சொன்னேன். உரிமை கோருவதற்கான கணக்கைத் தாளில் குறித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது என்றார் நடுவர். இரண்டு பேருடைய தாளையும் வாங்கி, நாற்பத்திரண்டிலிருந்து விரல் வைத்து எண்ணினார். தொண்ணூற்றொன்றில் விரல் நின்றது. சரியாக ஐம்பது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அரைப் புள்ளி அவருக்கு. அரைப் புள்ளி எனக்கு. பக்கத்து மேசையில் வங்கி அதிகாரி ஜெயித்திருந்தார். முதலிடம் அரைப் புள்ளியில் போனது.

அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா வெரட்டுனீங்க தம்பி" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

இனி என் பொய். மறுநாள் அலுவலகத்தில் தேநீர் வேளை. என்னப்பா, துணி துவைக்கிற அம்மாவிடமா மாட்டிக்கொண்டாய் என்று எல்லோரும் பிய்த்துத் தின்றார்கள். நான் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரொம்பப் பெரிய மனிதன் மாதிரி ஒன்று சொன்னேன். "பாவம்பா, பாத்தாலே கஷ்டப்பட்டவங்க மாதிரி இருந்தாங்க. ஜெயிச்சிருக்கலாம். விட்டுட்டேன்."

இவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருடைய மைத்துனர் இந்த மருத்துவமனை அலுவலகத்தில் இருக்கிறார். மூன்றே நாளில் என் பெருந்தன்மை கண்காணிப்பாளர் ஐயாவின் மேசைக்கு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்த தாளோடு போய் நின்ற மடிப்பக்காவுக்கு என்ன பதில் கிடைத்தது? பிச்சையாக வாங்கிய புள்ளிக்கு நாற்காலி போட முடியாது என்று. அதோடு விட்டாரா? "நீ நின்னுகிட்டுத்தானே ஆடுனே, அப்புறம் உனக்கெதுக்கும்மா நாற்காலி?" என்றும் கேட்டிருக்கிறார்.

ஐயா கோபப்படாதீர்கள். உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நின்றால்தான் அவருக்கு மூளை ஓடுகிறது என்றால், அது அவர் ஆசைப்பட்டு வாங்கிய வரமா? பல வருடமாக உட்காரவே விடாமல் நிறுத்திவைத்து, நிற்பதைத் தவிர வேறு எதையும் அந்த உடம்புக்குப் பழக்காமல் விட்டுவிட்டு, பார், நின்றால் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறார் என்பதா? அன்று ஆட்டம் முடிந்ததும் அவரால் நான்கு படி இறங்க முடியவில்லை. கைத்தாங்கலாக இரண்டு பேர் இறக்கினார்கள். அதை எந்தத் தாளில் எழுதுவது?

இரண்டு மாதம் ஓடியது. நாற்காலி வரவில்லை. ஆனால் மருத்துவமனையின் பெயர் போட்டிச் செய்திமடலில் வந்துவிட்டது என்பதால் இந்த விழா வந்தது. கண்காணிப்பாளர் ஐயா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் விட்டுக்கொடுத்ததை மேடையில் நாலு வார்த்தை அழகாகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். எனக்கும் அது இனித்தது. மறைக்க மாட்டேன். தோற்றுப்போன மாதிரி திரிந்தவனுக்கு வள்ளல் பட்டம் கிடைக்கிறது. யார் வேண்டாம் என்பார்கள்? ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் என் அலுவலகத்துக்கு மடிப்பக்கா வந்தார். கூடவே குழந்தையோடு இந்தத் தங்கையும். நாற்காலி போட்டேன். உட்கார்ந்தார்கள். நாற்காலிக் கதை முழுவதையும், எழுதிக் கொடுத்த தாளையும் அன்றுதான் நான் அறிந்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அக்கா என்னை நேராகப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நீங்க விட்டுக் குடுத்தீங்களா?"

அப்படியில்லை அக்கா, சும்மா ஒரு பேச்சுக்கு என்று ஏதோ உளறினேன்.

"பேச்சுக்கெல்லாம் வேணாம். விட்டுக் குடுத்தது நெஜம்னா அதையே மேடையில சொல்லிடுங்க. நாங்க கேட்டுட்டுப் போயிடுறோம், நாற்காலி வேற வழியில கேட்டுக்கறோம். எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். ரெண்டு மாசமா மடிக்கும்போதெல்லாம் அந்த ஆட்டத்தைத்தான் மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஆடிப் பாக்குறேன். எந்த எடத்துல விட்டீங்கன்னு கண்டே பிடிக்க முடியல."

கேட்டீர்களா? அவர் என்மேல் கோபப்படவில்லை. என் பொய்யை உண்மை என்று நம்பி, அது எந்தக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்று இரண்டு மாதம் தேடியிருக்கிறார். தான் எடுத்த ஒன்றைத் தான் எடுக்கவில்லையோ என்று அவரையே சந்தேகப்பட வைத்திருக்கிறேன். நாற்காலியைத் தட்டிவிட்டதைவிட அது பெரிய திருட்டு.

அன்று மாலையே அவர்களோடு பேருந்தில் வந்து, அந்தக் கூடத்தில் இறங்கினேன். கால் மணி நேரம் நின்றேன். எனக்குக் கால் மணி நேரத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. வயது இருபத்தாறு.

அதனால் இப்போது, இந்த மைக்கில், இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். இதோ என் கையில் இருப்பது அந்த ஆட்டத்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டது.

நாற்பத்திரண்டாவது நகர்த்தல். நான் பாவம் பார்த்தேனா? இல்லை. யானையால் அவர் ராஜாவின் வழியை அடைத்தேன். ஐம்பத்தைந்தாவதில் பாவம் பார்த்தேனா? இல்லை. மந்திரியை மூலைக்குக் கொண்டுவந்து பொறி வைத்தேன், அவர் அதில் விழவில்லை. அறுபத்தெட்டில்? மறுபடியும் அதே பொறி, வேறு பக்கத்திலிருந்து. எழுபத்தேழில், அவருடைய கால் வீக்கத்தைப் பார்த்த பிறகாவது பாவம் பார்த்தேனா? அதுவும் இல்லை. களைத்துவிட்டார், இப்போது தப்புச் செய்வார் என்று இன்னும் வேகமாக ஆடினேன். எண்பத்தொன்பதில், தொண்ணூறில், தொண்ணூற்றொன்றில்? கடைசிக் கட்டம் வரை, கடைசி நொடி வரை, என்னிடம் இருந்த அத்தனை வித்தையையும் கொட்டி, அவரைத் தோற்கடிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. பாவம் பார்க்கிறவன் ஐம்பது தடவை துரத்துவானா? விட்டுக்கொடுக்கிறவன் நடுவரிடம் போய் நான்கு நகர்த்தலுக்குச் சண்டை போடுவானா?

மடிப்பக்கா, நீங்கள் தேடிய இடம் அந்த ஆட்டத்தில் இல்லை. இரண்டு மாதம் அல்ல, இருபது வருடம் தேடினாலும் கிடைக்காது. அந்த அரைப் புள்ளியை நான் கொடுக்கவில்லை. நீங்கள் எடுத்தீர்கள். என் கையிலிருந்து, நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோதே எடுத்தீர்கள்.

தலைமை மருத்துவர் அம்மா ஏதோ கேட்கிறார்கள். என்னிடமில்லை, ஐயாவிடம் கேட்கிறார்கள். அந்த நாற்காலித் தாளை நீங்கள் எழுதிக் கொடுத்தது உண்மையா என்று. ஐயா எழுந்திருக்கிறார். சும்மா தமாஷுக்கு எழுதினது என்கிறார். அம்மா தலையாட்டவில்லை. சரி, ஒன்பது ஸ்டூல்தானே, திங்கட்கிழமை போட்டுவிடலாம் என்கிறார் ஐயா. நன்றி ஐயா. கொஞ்சம் இருங்கள், கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஸ்டூல் இல்ல சார், நாற்காலி. முதுகு சாயணும்."

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. தாளில் இருப்பது நாற்காலி. ஐயா என்ன சொல்கிறீர்கள்? சரி என்கிறார். முந்நூறு பேர் கேட்டார்கள். குறித்துக்கொள்ளுங்கள், இதை யாரும் கொடை என்று சொல்லிவிடக் கூடாது. கை தட்டல் ஐயாவுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். மூன்று வருடம் கேட்டவர்களுக்குத் தட்டுங்கள்.

முடிக்கிறேன். விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்த அந்த நடுவருக்கு நன்றி. தன் நாற்காலியை விட்டு எழுந்த ஒருவர் இருந்ததால் அன்று உட்கார முடிந்த தங்கைக்கும், இவ்வளவு நேரம் அழாமல் என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட அந்தக் குழந்தைக்கும் நன்றி. தலைமை ஏற்ற அம்மாவுக்கு நன்றி. ஒரு கேள்விதான் கேட்டீர்கள், அது போதுமாக இருந்தது. நின்றே பழகிய ஒன்பது பேருக்கு நன்றி. மடிப்பக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. போயிருந்தால் உங்கள் கூடத்துப் படிக்கட்டில் இறங்கியிருக்க மாட்டேன், என் பொய்யின் எடை எனக்குத் தெரிந்திருக்காது. அந்த அரைப் புள்ளியை நீங்கள் எடுத்ததற்கு நன்றி. அது உங்களிடம் இருப்பதுதான் சரி.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. திங்கட்கிழமை நாற்காலி வந்ததும் நான் விடுப்புப் போட்டுவிட்டு வருகிறேன். எதிரெதிரே உட்கார்ந்து இன்னொரு ஆட்டம் ஆடலாமா அக்கா?

கையை ஆட்டுகிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"திங்கக்கெழம வேணாம் தம்பி. ஞாயித்துக்கெழம லீவுல ரெண்டு நாள் துணி சேந்து கெடக்கும். செவ்வா வாங்க."

செவ்வாய்க்கிழமை வருகிறேன் அக்கா. எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.